உயிர்ச் சான்றும் ஒரு விரற்கடையும்

எங்கள் வீட்டு ஓனர் உயிரோடு இருக்கிறார் என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை அச்சடித்துக் கொடுப்பவன் நான்தான். வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு இதைவிடப் பெரிய அதிகாரம் எந்த ஊரிலும் கிடைக்காது.

மூலக்குளத்தில் அவர் கீழ் வீடு, நாங்கள் மாடி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெரு முழுக்க அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்று சொல்லும். நேரில் பார்த்தால் மரியாதையாக முசியே. பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. அது நிற்காமல் வர வேண்டுமென்றால், அங்கிருந்து மின்னஞ்சலில் வரும் உயிர்ச் சான்றுப் படிவத்தை அச்செடுத்து, ஓர் அதிகாரி முன்னால் நேரில் போய் நின்று, 'இவர் இருக்கிறார்' என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கெடுவுக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். உழவர்கரையில் இருக்கும் அவருடைய பழைய தோழர் ஒருவர் ஒருமுறை கெடுவைத் தவறவிட்டு, நாலு மாசம் செத்துப் போயிருந்தார். தினமும் காலையில் வாக்கிங் போய்க்கொண்டேதான் செத்திருந்தார். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் சொல்தாவின் குரல் இறங்கிவிடும்.

என் பிரிண்டரை நான் சண்டே மார்க்கெட்டில் கண்டெடுத்தேன். பழைய மிக்ஸிக்கும் கழுத்து தொங்கிய டேபிள் ஃபேனுக்கும் நடுவில் கிடந்தது. அதைப் பெற்ற கம்பெனியே 'அப்படியொரு மாடல் எங்களுக்குத் தெரியாதே' என்று கைகழுவியிருந்தது. ஆனால் உலகத்தில் எங்கெங்கோ சில புண்ணியவான்கள் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து, இப்படி அநாதையான பிரிண்டர்களுக்கெல்லாம் ட்ரைவர் எழுதித் தருகிறார்கள். கம்ப்யூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்கிற மென்பொருள் அது. இலவசம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். நான் பிரித்துப் பார்ப்பேன். திருத்துகிற அளவுக்கு மூளை கிடையாது. ஆனால் திருத்தப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும்.

அந்த ட்ரைவரில் ஒரே ஒரு குறை. பக்கம் மொத்தமும் ஒரு விரற்கடை மேலே ஏறி அச்சாகும். முதல் வரி காகிதத்துக்கு வெளியே போய்விடும். சொல்தாவின் படிவத்தில் முதல் வரிதான் தலைப்பு. ஆக, மூன்று வருஷமாக அவருடைய உயிர் தலையில்லாமல்தான் பிரான்சுக்குப் போய் வந்தது. கையெழுத்துப் போடும் அதிகாரி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். ஒவ்வொரு வருஷமும் அவரே பேனாவை எடுத்து, முத்து முத்தான எழுத்தில் தலைப்பை எழுதி, அதற்கு அடியில் கோடும் போட்டுத் தருவார்.

இந்த வருஷம் அந்த அவமானத்தைத் துடைப்பது என்று முடிவு செய்தேன். முதலில், ட்ரைவர் எழுதுகிறவர்களுக்கு நீண்ட புகார் ஒன்று அனுப்பினேன். பதில் வரும்வரை பொறுக்க முடியாமல், இணையத்தில் தேடி, என் கம்ப்யூட்டரின் அமைப்புக் கோப்பில் சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன்: பக்கத்தை ஒரு விரற்கடை கீழே தள்ளு. தள்ளியது. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் கேசரி. கிண்டியதும் நான், பாராட்டியதும் நான்.

ஆறு மாசம் கழித்து அறிவிப்பு வந்தது: புதிய வெளியீடு தயாராகிறது, சில பழைய மாடல்களில் பக்கம் மேலே ஏறும் குறை அதில் சரியாகும். நான் கேட்டு வந்த வரி! மனைவியிடம் காட்டினேன். பால்காரரிடம் காட்டினேன். சொல்தாவின் படிவம் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. "புது வெர்ஷன் வரட்டும் முசியே, அதுலதான் உங்களுக்கு" என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். கெடுவுக்குள் போய்ச் சேர இன்றைய தபால்தான் கடைசி என்ற நாளன்று காலையில்தான் அது வெளிவந்தது.

ஒன்பது மணிக்குச் சொல்தா மாடியேறி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மெடல் இல்லாத குறைதான்.

"போன்ழூர் தம்பி. நான் உயிரோட இருக்கனா?"

வருஷா வருஷம் கேட்கிற கேள்வி.

"அஞ்சு நிமிஷத்துல சொல்லிடறேன் முசியே. ட்ரைவர மட்டும் மாத்திக்கறேன்."

"இப்பவா? அணிவகுப்புக்கு நிக்கறப்ப துப்பாக்கியக் கழட்டுவாங்களா? முனையில ஜெராக்ஸ் கடை இருக்கு, பென்டிரைவுல போட்டுக் குடு, நான் எடுத்துக்கறேன்."

"நான் இருக்கறப்ப நீங்க ஜெராக்ஸ் கடைக்குப் போறதா?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "நல்லா ஓடறத ஏன் நோண்டற? அவரு பென்ஷன்ல வெளயாடாத."

விளையாடினேன். புது ட்ரைவர் ஏறியது. பிரிண்டர் இருமியது, காகிதம் வந்தது. தலைப்பு இருந்தது! கறுப்பாக, தடிமனாக, நட்டநடுவில். மூன்று வருஷமாகக் காகிதத்தின் தலையையே பார்த்துப் பழகிய இரண்டு பேரும் அந்தத் தலைப்பை மட்டும் பார்த்து மகிழ்ந்தோம். கால் என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஸ்கூட்டரில் அவரை உட்காரவைத்து அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி படிவத்தை வாங்கினார், மேலே பார்த்தார், புருவத்தை உயர்த்தினார். பிறகு கீழே பார்த்தார்.

"முசியே, எல்லாம் இருக்குது. நான் கையெழுத்துப் போடற எடம் எங்க?"

கையெழுத்துக்கும் முத்திரைக்கும் உரிய கட்டம் காகிதத்துக்குக் கீழே எங்கேயோ போயிருந்தது.

"சும்மா வெள்ளையில போடுங்க சார்" என்றேன்.

"போடுவேன். அங்க ஏத்துக்கணுமே? போன வருஷம் ஒருத்தருக்கு அப்படித்தான் திருப்பி அனுப்பிட்டாங்க."

"நான்தான் எதிர்ல நிக்கிறேனே!" என்றார் சொல்தா.

"நீங்க நிக்கிறீங்க முசியே. கட்டம் இல்லியே. பன்னெண்டரைக்கு நான் கெளம்பிடுவேன், அதுக்குள்ள வேற எடுத்துட்டு வந்துடுங்க."

திரும்பி வரும் வழியில் சிக்னலில் நிற்கும்போது சொல்தா, "நாலு மாசம் தம்பி" என்றார். அது யாருடைய நாலு மாசம் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் என் வீரமெல்லாம் கோபமாக மாறிவிட்டது. இலவசமாக வாங்கியவனுக்குத்தான் சத்தம் அதிகம். ட்ரைவர் எழுதியவர்களுக்கு ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்துகளில் ஒரு புகார் அடித்தேன்: உங்கள் அலட்சியத்தால் இங்கே ஒரு முதியவர் சாகக் கிடக்கிறார். எங்கேயோ நடுராத்திரியாக இருக்கும் ஊரிலிருந்து பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. பெரியவருக்காக வருந்துகிறோம். உங்கள் முந்தைய புகாரை வைத்துத்தான் அந்தக் குறையைச் சரிசெய்தோம், மிக்க நன்றி. பக்கத்தைக் கீழே தள்ள நீங்களாக ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா?

கேசரி கிண்டிய சாயங்காலம் ஞாபகம் வந்தது. அவர்கள் பக்கத்தை நேராக்கியிருந்தார்கள். நேரான பக்கத்தை என் வரி ஒரு விரற்கடை கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

"இன்னா சொல்றாங்க?" பின்னால் நின்ற சொல்தா கேட்டார்.

"தப்பு எங்கன்னு பாத்துக்கிட்டு இருக்காங்க முசியே."

"உன் மூஞ்சியப் பாத்தா, கண்டுபிடிச்சிட்ட மாதிரி இருக்குதே."

என் வரியை எடுத்தேன். மறுபடி அச்செடுத்தேன். இந்தத் தடவை தலையைப் பார்த்தோம், காலைப் பார்த்தோம், நாலு மூலையையும் பார்த்தோம். சொல்தா பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது, இல்லை.

பன்னிரண்டே காலுக்கு அதிகாரி தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உட்கார்ந்தார். சொல்தாவை ஏற இறங்கப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் கட்டத்துக்குள் கச்சிதமாகக் குத்தினார். நான் மூச்சை விட்டேன். அதற்குள் அவருடைய பேனா தன்பாட்டுக்குப் படிவத்தின் தலைக்குப் போய்விட்டது. அச்சடித்த தலைப்புக்கு மேலே, மூன்று வருஷப் பழக்கத்தில், முத்து முத்தாக இன்னொரு தலைப்பை எழுதி, அடியில் கோடும் போட்டது.

கோடு முடிந்த பிறகுதான் மூவரும் பார்த்தோம்.

"ஐயய்யோ" என்றார் அதிகாரி.

"வுடுங்க சார்" என்றார் சொல்தா. "ரெண்டு தடவ உயிரோட இருந்தா பென்ஷன நிறுத்திடவா போறாங்க?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "இனிமே வருஷா வருஷம் தலைப்பு வந்துடுமா?"

"வந்துடும் சார். புது ட்ரைவர்."

"ஓ" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகவே பேனாவை மூடினார்.

தபால் அன்றே போய்விட்டது. வீட்டுக்கு வந்து என் புகாரைத் திரும்பப் பெற்றேன். இணையதளம் காரணம் கேட்டது. நான்கைந்து விதமாகக் கௌரவமாக எழுதிப் பார்த்து, அழித்து, கடைசியில் 'தவறு என்னுடையது' என்று மட்டும் போட்டேன். அதற்கும் அவர்கள் நன்றி சொன்னார்கள். அவர்களிடம் சண்டை போடவே முடியாது.

அடுத்த மாதம் பென்ஷன் வழக்கம்போல் வந்தது. இரண்டு தலைப்பைப் பற்றிப் பிரான்சில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்தா இதைச் சொல்வதற்கென்றே மாடியேறி வந்தார். கையில் ஒரு டப்பா. அவர் வீட்டில் செய்த கேசரி. என்னிடம் கொடுத்துவிட்டு, பிரிண்டரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் புள்ளைங்களுக்கு எழுதுவ இல்ல? அடுத்த வருஷம் புதுசா எதாவது வுடறதா இருந்தா, நான் போஸ்ட் பண்ண பெறகு வுடச் சொல்லு."