யானையெனக் கருதப்பட்ட சரக்குந்து

பச்சைத் தேயிலையின் விலை வீழ்ந்து கிடந்த காலத்தில், எங்கள் தோட்டத்துச் சரக்குந்து இறக்கங்களில் ஓசையெழுப்புவதை நிறுத்திக்கொண்டது. டீசலை மிச்சப்படுத்த வேண்டும் என்பது மேலாளரின் ஆணை. ஆகவே மேட்டின் உச்சியை அடைந்ததும் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிடுவார். வண்டி தன் கனத்தாலேயே உருண்டு தேயிலை ஆலையின் வாசல்வரை வந்து சேரும். முன்விளக்குகளில் ஒன்று உடைந்து நெடுநாளாகியிருந்தது. மற்றொன்று மனம் வைத்தால் எரியும். கூடலூருக்கு அப்பால், யானைகள் எவரையும் கேளாமல் வந்துபோகும் ஒரு பள்ளத்தாக்கில், இத்தனை பெரிய உருவமொன்று இருளும் அமைதியுமாக இறங்கி வருவது நல்லதன்று என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தோட்டத்துப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்த எனக்கும் தோன்றவில்லை.

அந்த வாரம் தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் ஒரே செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே தொலைவில், போர் மூண்டிருந்த ஒரு நாட்டில், பயணிகள் வானூர்தி ஒன்று தரையை விட்டெழுந்த சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. எந்திரப் பழுது என்று முதலில் அறிவித்தார்கள். பின்னர், அதனை எதிரியின் ஏவுகணையென்று எண்ணித் தம் படையினரே சுட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார்கள். ஊர் திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களின் படங்களைத் திரையில் காட்டியபோது, கடையில் இருந்தவர்கள் தேநீரை உறிஞ்சவும் மறந்தார்கள். முதலில் வாய் திறந்தவர் எங்கள் தோட்டத்துக் காவற்காரர். யானை விரட்டுவது அவர் பணி.

"அத்தாச்சோட்டுப் பெரிய பிளேனு கண்ணுக்குத் தெரியாமப் போச்சுங்களா? இவனுக்கெல்லாம் கண்ணு பொடனியிலயா இருக்குது?"

அவர் அவ்வாறு சொன்ன மறுநாள் மாலையே அது நிகழ்ந்தது.

மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. கூடலூர்க் கிடங்கில் தேயிலை மூட்டைகளை இறக்கிவிட்டு, வழக்கம்போல எஞ்சின் அணைந்து, அன்று ஒற்றை விளக்கும் எரியாமல் சரக்குந்து திரும்பிக்கொண்டிருந்தது. மழைக்காக மேலே போர்த்தியிருந்த சாம்பல்நிறத் தார்ப்பாய் நனைந்து, காற்றில் காதுபோல இருபுறமும் அசைந்தது. தார்ப்பாய்க்குள் மேற்பார்வையாளரும், சந்தைக்குச் சென்றிருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலரும் இருந்தனர். சரக்கு வண்டியில் ஆள் ஏறக்கூடாது என்பது தோட்டத்தின் விதி. அதைக் காக்க வேண்டியவர் அந்த மேற்பார்வையாளர்.

வளைவில் காவற்குடில். பனிக்குள் அசைந்தாடி வந்த உருவத்தைக் காவற்காரர் கண்டார். முறைப்படி சீழ்க்கை அடித்தார். "யாரது?" என்று உரக்கக் கேட்டார். பதில் இல்லை. மீண்டும் கேட்டார். உருவம் நிற்கவுமில்லை, திரும்பவுமில்லை. இனிப் பொறுத்தால் குடிலையே மிதித்துவிடும் என்று அஞ்சி, குழாயில் வாணத்தை வைத்துக் கொளுத்திவிட்டார்.

வாணம் தார்ப்பாயின் ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, தேயிலைச் செடிகளுக்கு மேலே போய் வெடித்தது. இடையில், மேற்பார்வையாளரின் மீசையில் இடப்பாதியைக் கருக்கிச் சென்றது. வேறெவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வண்டி நின்றது, பெண்கள் அலறினார்கள். அவ்வலறல்களுள் ஒன்று தமக்கு மிகவும் பழகியது என்பதைக் காவற்காரர் அக்கணமே உணர்ந்தார்.

தார்ப்பாயை விலக்கிக்கொண்டு அவர் மனைவி இறங்கினார்.

"ஏனுங்க! கட்டுன பொண்டாட்டிய ராக்கெட் உட்டா கொல்லுவாங்க? வெசம் வாங்கறதுக்குக் காசில்லையாக்கும்!"

மறுநாள் முதல் அவருக்குத் 'தளபதி' என்று பெயராயிற்று. "தளபதி வர்றாரு, கைய மேல தூக்குங்கடி!" என்று தேயிலைக் காட்டுக்குள்ளிருந்து பெண்கள் குரல் கொடுப்பார்கள். அவரும் முதலில் சிரித்தார். ஆனால், சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு மேலாளரிடம் சென்ற மேற்பார்வையாளர், காவற்காரரை நீக்கியே ஆகவேண்டும் என்று முறையிட்டிருந்தார். விலைவீழ்ச்சியைச் சொல்லி ஆட்களைக் குறைக்கத் தோட்டங்கள் காரணம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. இதைவிட நல்ல காரணம் தேடினாலும் கிடைக்காது. வேலை போனால் தோட்டம் கொடுத்திருந்த வீடும் போகும். அவர் பாட்டன் சமவெளியிலிருந்து மலையேறிய நாள்முதல் அக்குடும்பத்துக்கு வேறு வீடு இருந்ததில்லை.

எழுத்தில் விளக்கம் தரும்படி ஆணை வந்தது. கணவனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் மிகுந்த கவனத்தோடு எழுதிப் படித்துக் காட்டினேன்: "மேற்படி ஊர்தியானது மூடுபனி காரணமாக யானையெனக் கருதப்பட்டு, அதன்மீது வெடி செலுத்தப்பட்டது. அதனால் ஏற்பட்ட இழப்புக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது."

ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகுந்தும், மிகாத இடத்தில் மிகாமலும் வாக்கியம் செம்மையாக அமைந்திருந்தது. காவற்காரர் மறுபடியும் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நல்லாத்தானுங்க இருக்குது. பனி இருக்குது, யானை இருக்குது, லாரியும் இருக்குது. இதுல நான் எங்கீங்க இருக்கறேன்?"

"'செலுத்தப்பட்டது'ங்கற சொல்லுக்குள்ள நீங்க அடக்கம்" என்றேன்.

"அடக்கமா? இவரா?" என்றார் மனைவி. "அடக்கமா இருந்திருந்தா எதுக்குங்க வாத்தியாரய்யா ராக்கெட்டு உடறாரு?"

நானும் சிரித்துவிட்டேன். மனைவி விடவில்லை. "டிவியில அந்தூரு மிலிட்டரிக்காரன் சொன்னானுங்களே, 'தவறு நேர்ந்துவிட்டது'ன்னு. தவறு தானா நடந்து வந்து நேர்ந்துக்கிச்சாக்கும்? உங்க கடுதாசியும் அதேயாட்டத்தான் இருக்குதுங்க."

தமிழ் வினைமுற்று பெரும்பாலும் தன் வாலிலேயே செய்தவரைக் கட்டிக்கொண்டு நடப்பது. 'செய்தேன்' என்பதில் உள்ள 'ஏன்' என்னும் ஈறு வந்துவிட்டால், செய்தவன் நானேதான். ஓடி ஒளிய இடமில்லை. 'பட்டது' என்னும் ஈற்றின் பின்னாலோ ஒரு படையே ஒளிந்துகொள்ளலாம். இதனை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்துவந்தேன். ஆனால், ஒருவரைக் காப்பாற்ற வேண்டும் என்றதும் என் கை தானாகவே 'பட்டது' பக்கம் சாய்ந்திருந்தது.

காவற்காரர் சன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, வேறொன்றைக் கேட்பவரைப் போலக் கேட்டார். "அந்தப் பிளேனச் சுட்டவன் ஒருத்தன் இருப்பானுங்களே. அவனுக்கு இன்னேரம் சோறு எறங்குமுங்களா?"

எங்கள் வண்டியில் போனது பாதி மீசை. அந்த வானூர்தியிலிருந்து ஒருவரும் வீடு திரும்பவில்லை. பனிக்குள் நின்ற இவருக்கும் அங்கே சுட்டவனுக்கும் கையும், பார்வையும், பதற்றமும் ஏறத்தாழ ஒன்றுதான்.

"ஆளை வச்சே எழுதிப்போடுங்க" என்றார் காவற்காரர்.

தாளைக் கிழித்துவிட்டு அவர் சொன்னபடியே எழுதினேன்: "வாணத்தை நான்தான் விட்டேன். யானை என்று நினைத்தேன். குரல் கொடுத்தேன், பதில் வரவில்லை. நான் நினைத்தது தவறு." அவர் கையொப்பமிட்டார். என்னையும் துணைக்கு அழைத்தார்.

திங்கட்கிழமை விசாரணை. மேலாளர் தாளைப் படித்து முடித்ததும் மேற்பார்வையாளரைப் பார்த்தார்.

"குரல் கொடுத்தேன்னு எழுதியிருக்காரே. உங்களுக்குக் கேக்கலையா?"

"பனியில எப்படி சார் கேக்கும்?" என்றது கைக்குட்டை.

சாட்சியாக வந்திருந்த மனைவி முன்னே வந்தார். "கேட்டுச்சுங்க தொரை. நாங்க பதில் சொல்ல வாயத் தொறந்தோமுங்க. 'உஸ்! லாரியில வந்தது வாட்ச்மேனுக்குத் தெரிஞ்சா தொரை காதுக்குப் போயிரும், மூச்சு உடாதீங்க'ன்னு எங்களுக்கும் டிரைவருக்கும் சூப்பர்வைசரய்யாதானுங்க சொன்னாரு. நானுந்தான் வாய மூடிட்டு உக்காந்திருந்தேன். ஏறுனதுந் தப்பு, மூடுனதுந் தப்பு. என்னையும் சேத்து எழுதிக்கோங்க."

"பொய் சார்!" என்று மேற்பார்வையாளர் இரு கைகளையும் விரித்தார். கைக்குட்டை விழுந்தது. வலப்பாதி மீசை மட்டும் சினத்தோடு துடித்தது. மேலாளர் குனிந்து மேசைக்கடியில் எதையோ தேடினார். அவர் தோள்கள் குலுங்கின.

முகத்தைச் சீர்செய்துகொண்டு நிமிர்ந்த மேலாளர், "லாரிக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?" என்று காவற்காரரிடம் கேட்டார்.

"எஞ்சின் ஓடியிருந்தா தெரிஞ்சிருக்குமுங்க. யானைக்கு எஞ்சின் இல்லீங்களே."

எஞ்சினை அணைக்கச் சொன்ன ஆணை யாருடையது என்பது மேலாளருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அடுத்துப் பேசியபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"சரி. உள்ள உங்க சம்சாரம் இருக்கறது தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

காவற்காரர் மனைவியைப் பார்த்தார். கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வராது.

"கொஞ்சம் யோசிச்சிருப்பேனுங்க."

அறை வெடித்துச் சிரித்தது. மேற்பார்வையாளரும் தம்மை மறந்து சிரித்தார். பாதி மீசையோடு ஒருவர் சிரிப்பதைக் கண்டு, அடங்கியவர்கள் மீண்டும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மேலாளர் தீர்ப்புரைத்தார்: காவற்காரருக்கு வேலையும் உண்டு, வீடும் உண்டு. வண்டி இனி எஞ்சின் ஓட, விளக்கெரிய இறங்கும். வாணம் வானத்தை நோக்கி மட்டும். அந்த வளைவில் கேட்கும் குரலுக்குப் பதில் சொல்லாமல் எவரும் கடக்கக்கூடாது, மேலாளரும் விலக்கல்லர்.

அந்த ஆணையைத் தோட்டம் ஒரு திருவிழாவைப் போல ஏற்றுக்கொண்டது. மறுநாள் காலையில் வழி தெரியாத பனி. வளைவை நெருங்கிய ஒவ்வொருவரும், காவற்காரர் கேட்பதற்கு முன்பே கூவத் தொடங்கினார்கள். "பள்ளிக்கூடம்! பள்ளிக்கூடம்!" என்று பிள்ளைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு ஓடினார்கள். மேற்பார்வையாளர் இருசக்கர வண்டியை நிறுத்தி, "நாந்தான்யா, நாந்தான்!" என்று தம் பெயரையும் பதவியையும் சேர்த்து அறிவித்தார். என் முறை வந்தபோது, "ஆசிரியன் வருகிறேன்!" என்று நானும் உரைத்தேன்.

எனக்குப் பின்னால், சோற்றுத் தூக்குடன் அவர் மனைவி வந்துகொண்டிருந்தார். பள்ளத்தாக்கே எதிரொலிக்கும்படி அவர் குரல் எழுந்தது:

"ஏனுங்க! ஊட்டுக்காரி வர்றேனுங்க! யானை இல்லீங்க, சுட்டுப்போடாதீங்க!"

பனிக்குள்ளிருந்து காவற்காரரின் பதில் வந்தது.

"சத்தத்தக் கேட்டா யானையாட்டந்தான் இருக்குது. எதுக்கும் இன்னொருக்கா சொல்லு!"