மொட்டை பாப்பாவை மாற்றி அனுப்பிய நாள்

திருத்தணி முருகனை நம்பி மலையேறுகிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். எழுதும்போதும் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

என் மகள் நிவேதாவுக்கு மூன்று வயது வரை பேச்சே வரவில்லை. பேசினால் முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அப்புறம் ஒன்றிரண்டு வார்த்தை வந்தது. போன ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தோம். பள்ளி திறந்த அன்று கிருத்திகை. விடியற்காலையிலேயே மலைக்குப் போய் மொட்டை அடித்து, தலை நிறையச் சந்தனம் பூசி, அப்படியே சீருடை போட்டுப் பள்ளியில் விட்டேன். வாசலில் என் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். விரல் விரலாகப் பிரித்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை.

முதல் நாள் என்பதால் பகல் பன்னிரண்டு மணிக்கே விட்டுவிடுவார்கள். நான் பத்து நிமிடம் முன்னாலேயே போய் நின்றேன். ஆயா ஒரு குழந்தையைக் கூட்டிவந்து என் கையில் கொடுத்தார். மொட்டை, சந்தனம், அதே சீருடை. ஆனால் என் பிள்ளை இல்லை.

"இது எம் புள்ள இல்ல!" என்று கத்தினேன்.

ஆயாவுக்கு முகம் வெளுத்துப்போனது. "மொட்ட பாப்பாவ வேன்ல ஏத்துன்னு மிஸ் சொன்னாங்கமா. ரெண்டு மொட்ட கீதுன்னு எனக்கு யாரு சொன்னது?"

வேன் பிள்ளைகளைப் பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டார்களாம். என் நிவேதா பள்ளிப்பட்டு ஊருக்குப் போகிற வேனில் போய்விட்டாள். பெயர் கேட்டால்கூடத் தலை குனிந்துகொள்கிற பிள்ளை. ஓட்டுநர் போனை எடுக்கவில்லை. அந்தக் குழந்தையின் அப்பா எண்தான் பதிவேட்டில் இருந்தது, அந்தப் போனும் அணைந்து கிடந்தது. தலைமையாசிரியை மேடம் என்னைப் பார்த்து, "கொஞ்சம் அமைதியா இருங்கம்மா" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, மேசையை ஓங்கித் தட்டினேன். "உம் புள்ளயா இருந்தா நீ அமைதியா இருப்பியா?"

வெளியே வந்தேன். எதிரே மலை. காலையில்தான் கைகூப்பி நின்ற இடம். என் வாயிலிருந்து வந்தது பிரார்த்தனை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். திட்டினேன்.

"முடி கேட்ட, குடுத்தேன். புள்ளயையும் சேத்துக் கேட்டியா நீ? கண்ணு கீதா உனக்கு? எவளாவது ஒருத்தி அவளத் தூக்கி வச்சிக்கணும். இப்பவே. இல்லனா இந்தப் படிய நான் மிதிக்கவே மாட்டேன்."

பின்னால் விசும்பல் கேட்டது. அந்தக் குழந்தை. நான் போட்ட கூச்சலில் ஏங்கி ஏங்கி அழுது, சட்டையெல்லாம் வாந்தி. இத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூடத் துடைத்துவிடவில்லை. நானும்தான். நான் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். முழங்கை வரை கை தொங்கிய அந்தப் புதுச் சட்டையைக் கழற்றினேன். தோளுக்குக் கீழே பேனாவால் எழுதிய ஒரு போன் நம்பர் இருந்தது. கிருத்திகைக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் அம்மா எழுதியிருக்கிறாள்.

போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஆங், உங்க பாப்பா எங்கிட்டதான் கீது. அழுதுகினே வந்து எறங்குச்சு, தூக்கிக்கினேன். இடுப்ப வுட்டு எறங்க மாட்டேங்குது. ஸ்கூலுக்குப் போட்டா யாரும் எடுக்கல. எங்க ஹாசினி எங்கக்கா?"

"எங்கிட்ட கீதுமா. எம் மேலதான் கீது." உடனே நிவேதாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன் என்றாள்.

நான் கத்திய நேரமும் அவள் தூக்கிய நேரமும் ஒன்றா என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. எனக்குக் கிடைத்த பதில் போதும்.

தன் தம்பியின் வண்டியில் ஹாசினியின் அம்மா வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. நிவேதா என்னிடம் தாவினாள். தாவியதும் என் கன்னத்தில் அடித்தாள். "நீ ஏம்மா வரல?" என்றாள். மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அடி வாங்கிக்கொண்டே அழுதேன், சிரித்தேன்.

மறுநாள் பள்ளிக்குப் போய் ஓயாமல் சண்டை போட்டேன். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் கழுத்தில் அட்டை, கையெழுத்து வாங்காமல் யாரையும் அனுப்புவதில்லை. நானும் என் பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு ஓடிவருவதில்லை. கடைசிக் குழந்தையை வீட்டார் வந்து அழைத்துப்போகும் வரை வாசலில் நிற்கிறேன்.

மனம் அடங்கட்டும், அப்புறம் வேண்டிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடே அவனிடம் போங்கள். திட்டினாலும் கேட்கிறவன் அவன், நான் சாட்சி. ஆனால் திட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு குழந்தை அழுதால், முதலில் அதைத் தூக்குங்கள்.