காளி முடிக்கு அடித்த ஸ்ப்ரே

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு என் அண்ணன் காளி வேடம் கட்டுவான். சடைமுடியும் கிரீடமும் ஆண்டு முழுக்க முத்தையாபுரம் வீட்டுப் பரணில், ஒரு சாக்குக்குள் கிடக்கும். போன வருசம் அதை இறக்கினால் உள்ளே கரப்பான்பூச்சிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. விரதம் இருக்கிற வீடு. சாமி முடியில் கரப்பான் எச்சமா? அண்ணன் மனைவி, என் மயினி, பதறிப்போனாள். கடையில் டப்பா ஸ்ப்ரே வாங்கி வந்து, முடி நனைய நனைய அடித்து, சாக்கை இறுக்கிக் கட்டிவைத்தாள். சுத்தமாம்.

மறுநாள் அந்தச் சடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அண்ணன் உச்சிவெயிலில் ஆடினான். வேர்வை நஞ்சைக் கரைத்தது, கண்ணுக்குள் இறக்கியது, தோலுக்குள் இறக்கியது. உடம்பு உதறியது. எச்சில் ஒழுகியது. அருள் வந்துவிட்டதென்று கூட்டம் குலவையிட்டது! அவன் விழுந்த பிறகுதான் மேளம் நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சடைமுடியை மோந்து பார்த்துவிட்டு, "இதுல எதை அடிச்சீங்க?" என்றார். எங்கள் தசராக் குழுவின் தலைவர் அண்ணாச்சி மயினியிடம் கேட்டதோ வேறு.

"ஏளா, விரதத்துல என்ன குறை வச்ச?"

"கரப்பானுக்கு அடிச்சேன் அண்ணாச்சி, வேற ஒண்ணும் அறியேன்."

"கரப்பானுக்கு அடிச்சா கரப்பான்லா சாவும்? மனுசன் எதுக்கு விழுதான்?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். செத்த கரப்பான்களைக் கொத்திய கோழி கால் விறைத்துக் கிடந்தது. பரணில் பல்லி கிடந்தது. கோழியும் விரதத்தில் குறை வைத்ததா? பல்லியுமா? எனக்கு முன்னே வீடு வந்தவர்கள் சடையை அலசிய தண்ணீர் சாக்கடை வழியே உப்பளத்து ஓடைக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தது, அங்கே மீன் பொறுக்கும் நாரைகளைத் தேடி.

கம்பெனிப் புகைக்குச் சன்னலைச் சாத்துகிற ஊர் எங்கள் ஊர். சாத்திய அறைக்குள் கொசுச்சுருள் கொளுத்துவோம், அடுப்படியில் எறும்புப் பொடி தூவுவோம், பிள்ளைகளை அதற்குள்ளேயே படுக்கவைப்போம். டப்பாவில் பெரிதாகப் பூப்படம். எச்சரிக்கை பொடியெழுத்தில், அதுவும் இங்கிலீஷில். யார் படிக்க எழுதினான்? கரப்பானா?

அண்ணன் பிழைத்தான். மாடிப்படி ஏறினால் இன்னும் இளைப்பு. இந்த வருசம் மயினி பரிகாரமாகத் தீச்சட்டி எடுக்க வேண்டும் என்று குழு முடிவு செய்து எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னது. எல்லாரும் தலையாட்டினார்கள். அண்ணனும் ஆட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவுங்க என்னய்யா தப்பு செஞ்சாவ?" என்று கத்தினேன்.

பாத்திரம் விளக்கிய ஈரக்கையோடு மயினி வெளியே வந்தாள்.

"சும்மா இருங்க தம்பி. நான் சட்டி எடுக்கேன், எனக்கென்ன? ஆனா அந்த டப்பாவச் செஞ்சவன், வித்தவன், டிவில அதப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கால்லா ஒருத்தி, அவ, எல்லாரும் எனக்கு முன்னால வரிசையில நிக்கணும். கடைசி ஆளா நான் வாரேன்."

அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மயினி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் தலையாட்டுனியள்லா. நீங்களும் வரிசையில நில்லுங்க."

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். இளைப்புதான் வந்தது.