என் பெயருக்கு வந்த துணைக்கால்

என் பெயர் ராகி. ஆம்பூரில் நாங்கள் இருந்த தெருவில் இதைக் கேட்டுச் சிரிக்காத பிள்ளை கிடையாது. களி கிண்டலாமா, கூழ் காய்ச்சலாமா என்று கேட்டே என் உயிரை வாங்குவார்கள்.

எனக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் எதுவும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் அம்மா, ஊசிமணி பாசிமணி விற்று வந்த ஒரு நரிக்குறவப் பெண்ணிடம் என்னைக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். யாரோ பெற்ற பிள்ளை என்று எமன் ஏமாந்துபோவான் என்பது கணக்கு. என்னைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண்ணே எனக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டுப் போனாள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்குத் தானியத்தின் பெயர் பொருத்தம்தான் என்று வீட்டில் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

என்னைப் பள்ளியில் சேர்க்கும் வருடம் வந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அப்பா, பள்ளியிலாவது நல்ல பெயராகக் கொடுத்துவிடலாம் என்றார். பெயரை மாற்றினால் அந்தப் பேரமே முறிந்துவிடும் என்று அம்மா பயந்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு காலா வந்தார். உருது பேசுகிற அவரை நாங்களும் அவர்கள் பாஷையில் சித்தி முறை வைத்து காலா என்றுதான் கூப்பிடுவோம்.

"ராஹின்னா எங்க பாஷைல வழிப்போக்கன்னு அர்த்தம்மா. நல்ல பேருதான்," என்றார்.

அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. போகிறவள் என்று பெயர் வைத்துக்கொண்டு இவள் எப்படித் தங்குவாள் என்ற நினைப்பு அவளை அரித்தது. மாற்றினாலும் பயம், மாற்றாவிட்டாலும் பயம். எனக்கோ, பெயர் போனால் போதும் என்று ஒரே குஷி.

ஸ்டேஷன் பக்கத்து மைதானத்தில் நரிக்குறவர்கள் கூடாரம் போட்டிருப்பதாக அப்பா வந்து சொன்னார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். அந்தப் பெண் மணி கோத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னாத்துக்கு ராஹின்னு பேர வச்ச? வீட்ட விட்டுப் போறவன்னு அர்த்தமாமே." அம்மா அவள் எதிரில் போய் நின்று கேட்டாள்.

"ராஹி இல்ல சாமி, ரஹி. எங்க பேச்சுல ரஹின்னா, போகாம தங்கிட்டவ."

நாங்கள்தான் ஒரு துணைக்காலைச் சேர்த்து, தங்கியவளை நடக்க விட்டிருக்கிறோம். அம்மா மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்தப் பெண் மணியைக் கோத்தபடியே சொன்னாள்: "எம் பொண்ணுக்கு வச்ச பேரு சாமி அது. அவ கேக்கல. ஒம் பொண்ணாவது கேக்கட்டும்னு குடுத்தேன்."

அம்மா அழுகையை நிறுத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இனி பெயர் மாறாது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. அழுகையாக வந்தது. ஆனாலும் இதே பெயரில் இன்னொருத்தி இருக்கிறாள் என்பது பெரிய ஆறுதல். கேலியைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டாள். அதிலும் அம்மா பேச்சைக் கேட்காதவள் என்பதால் அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"அடுத்த தபா வரும்போது அவளயும் இட்டுனு வா," என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அந்தப் பெண் அவளைத் தடுத்துவிட்டு, கோத்து முடித்த மணிச்சரத்தை என் கழுத்தில் கட்டினாள்.

"சரி சாமி," என்றாள்.

அதற்குப் பிறகு மைதானத்தில் அவர்கள் கூடாரம் போடும்போதெல்லாம் நான் ஓடிப்போய் முதலில் அவள் முதுகுக்குப் பின்னால்தான் எட்டிப் பார்ப்பேன். அவள் பெண் கூச்சப்பட்டு அங்கே ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.