சித்தியின் முதுகில் இருந்த மச்சம்

சித்திக்கு நடந்தால் கால் தளர்ந்துவிடும். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே வீட்டிலிருந்து கோயிலுக்கு நன்றாகத்தான் கிளம்புவாள். பாதி வழியில் கால் மரத்து, யார் வீட்டுப் படியிலாவது உட்கார்ந்துவிடுவாள். சற்றுப் பொறுத்து எழுந்து நடப்பாள். உட்கார்ந்தால் சரியாகிவிடுவதை நோயென்று ஒப்புக்கொள்ள எங்கள் வீட்டில் யாருமில்லை. ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்குச் சில வருடம் முந்திய காலம் அது. அம்மாவின் தங்கையான அவளைக் கிள்ளானிலிருந்து, தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணியார் பெண் கேட்டிருந்தார். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். கல்யாணப் பேச்சுக்குப் பிறகே கால் தளரத் தொடங்கியதால், அது நடிப்பென்று அம்மா தீர்மானித்துவிட்டாள்.

ஒருநாள் காலையில் குளியலறையில் விழுந்த சித்தியால் எழவே முடியவில்லை. சிறுநீரும் பிரியவில்லை. அப்பா வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எனக்கு ஏழு வயது. வீட்டில் விட ஆளில்லாததால் நானும் போனேன்.

வெள்ளைக்கார டாக்டர் ஒரு குண்டூசியால் பாதத்திலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தார். வலிக்கிறதா என்று நர்ஸ் மிஸ்ஸி தமிழில் கேட்க, கண்ணை மூடியிருந்த சித்தி இல்லை, இல்லை என்றாள். தொப்புளைத் தாண்டியதும், "இப்ப குத்துது" என்றாள். டாக்டர் அங்கே மையால் ஒரு கோடு இழுத்தார். முதுகையும் பார்க்க வேண்டும் என்றார். கல்யாணமாகாத பெண் என்று அம்மா மறுத்தாள். மிஸ்ஸி மட்டும் பார்ப்பதற்கும் சம்மதிக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். எண்ணெய்க் குளியலன்று சித்திக்கு முதுகு தேய்ப்பவள் நான். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லக் கூடாதென்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். டாக்டர் மாப்பிள்ளை வீட்டார் இல்லையே.

"மிஸ்ஸி, அந்தக் கோட்டுக்கு நேர் பின்னாலதான் சித்திக்குச் செவப்பா ஒரு மச்சம் இருக்கு. தொட்டா சூடா இருக்கும்."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சித்தி கட்டில் கம்பியைப் பிடித்துத் தானே ஒருக்களித்தாள். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். காதுக்குழாயை வைத்துக் கேட்டார்.

மிஸ்ஸி மெதுவாகச் சொன்னாள்: "வெளிய தெரியற மாதிரியே உள்ளயும் முதுகுத்தண்டு மேல ரத்தக் குழாய்ங்க ஒண்ணோட ஒண்ணு தப்பாச் சேந்து கெடக்கலாமாம். அதுதான் காலுக்குப் போற நரம்பக் கெடுக்குதாம். தெறந்து பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப நெசமாவே அவளால நடக்க முடியலையா?" என்றாள் அம்மா.

உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். அறுவை முடியும்வரை வராந்தாவில் காத்திருந்தோம். அம்மா என் தொடையில் கிள்ளிய இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். எலும்பைத் திறந்தபோது குழாய்கள் புழுக்களைப் போலச் சுருண்டு கிடந்தனவாம். எட்டிய ஒன்றை மட்டும் கட்டிவிட்டு, மற்றவற்றைத் தொட்டால் கால் அடியோடு போய்விடும் என்று மூடிவிட்டார்கள். கால்களில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பியது. இரண்டு மாதம் கழித்துச் சித்தி கம்பூன்றி வீடு வந்தாள்.

அந்த வாரமே கிள்ளானிலிருந்து ஒருவர் வந்து, இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அடுப்படியில் அழுதாள். என் வாயால் வந்த வினை என்று நான் கதவோரம் ஒண்டி நின்றேன். சித்தி மட்டும் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு போடுக்கா" என்றாள். கல்யாணப் பேச்சு வந்ததிலிருந்து ஒரு கரண்டிக்கு மேல் சாப்பிடாதவள் அன்று மூன்று முறை கேட்டு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் பட்டினி போட்டிருப்பார்கள் என்று நினைத்து, என் பங்கு மீனையும் எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.