மூன்று உள்பாவாடைகள்

டொரண்டோவில் எங்கள் எதிர்வீட்டுக்காரி மார்கரெட்டை லிஃப்ட் வாசலில் பார்த்துப் பதறிப்போனேன். போன பனிக்காலத்தில் கன்னம் நிறைய இருந்த பெண். இப்போது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில், "யூ... பாடி... நோ. சிக்?" என்று கேட்டு, என் கன்னத்தை உள்ளே இழுத்துக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, தேங்க்யூ! தேங்க்யூ!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். பாவம், நோயை மறைக்கிறாள் என்று நினைத்து, சாயங்காலம் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுபோனேன். எண்ணெயைக் கண்டதும் இரண்டடி பின்னால் போய்விட்டாள். என் மகள் சொர்ணம் சிரித்து உருண்டாள். "அப்பா, அவ பட்டினி கெடந்து ஆசையா எளைச்சிருக்கா. நீங்க போயி எழவு விசாரிச்சிருக்கிய!"

இளைப்பது இங்கே பெருமையாம். நான் ராஜபாளையத்து நூல் மில்லுக்குப் போய்வந்த காலத்தில் இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. எங்கள் மில்லில் ஒரு மேஸ்திரி இருந்தார். அவர் உட்கார்ந்தால் சைக்கிள் சீட்டு எங்கே போனதென்றே தெரியாது. அந்தத் தொந்திக்காகவே அவரை எல்லாரும் முதலாளி என்பார்கள். அவர் கதை கிடக்கட்டும், சொர்ணத்துக்கு வருகிறேன்.

சொர்ணம் பிறந்ததிலிருந்தே ஒடிசல். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பமும், பிள்ளைக்குச் சீக்கு இருக்குமோ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டன. எண்பத்து மூன்றோ நாலோ, சித்திரை மாதம், தளவாய்புரத்திலிருந்து மூன்றாவதாக வந்தார்கள். என் தங்கச்சி பார்வதி, கஞ்சி போட்டு விறைத்த மூன்று உள்பாவாடையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிவிட்டு, அதற்கு மேல் பட்டுச் சேலையைச் சுற்றினாள். ஒல்லியான பெண் இருக்கிற வீட்டில் செய்வதுதான். பார்க்க வருகிறவர்களுக்கும் தெரியும்.

"மூச்சு முட்டுது அத்த."

"செத்த நேரம் பொறுத்துக்கட்டி. தாலி ஏறுன பொறவு எம்புட்டு வேணாலும் மூச்சு விடு."

ஆனால் கைக்குப் பாவாடை கட்ட முடியாதே. மாப்பிள்ளையின் அம்மா காப்பி வாங்குகிற சாக்கில் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "இடுப்பு ஆடிப்பூரத் தேரு கெணக்கா இருக்கு, கை முருங்கக்குச்சியால்ல இருக்கு?"

சொர்ணம் உள்ளே போனாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தவள், மூன்று பாவாடையையும் மடித்துக் காப்பித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் இம்புட்டுதான். மிச்சமெல்லாம் கஞ்சி."

பார்வதி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையாக வந்த செல்வம் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அம்மாவை ஒரு மாதம் மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்து, அவளையேதான் கட்டினார்.

பிறகு செல்வம் கனடா வந்தார், சொர்ணம் வந்தாள், என் வீட்டுக்காரி காலமான பிறகு தொண்ணூறுகளில் நானும் வந்து சேர்ந்தேன். இரண்டு பிள்ளை பெற்றதில் சொர்ணத்துக்கு நல்ல சதைப்பிடிப்பு. பார்வதி பார்த்திருந்தால் மிளகாய் சுற்றிப் போட்டிருப்பாள். ஆபீஸ் விருந்து ஒன்றுக்குப் போய்வந்த மறுநாள் செல்வம் ஓர் எடைப்பெட்டியை வாங்கிவந்து குளியலறையில் வைத்தார். "ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லுதாவ சொர்ணம்." அன்றிலிருந்து அவள் காலையில் அதில் ஏறி, முகம் வாடி இறங்குவாள். ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். பிள்ளைகளுக்குப் பிசைந்து ஊட்டிவிட்டு, விரலில் ஒட்டிய பருக்கையைக்கூடக் கழுவிவிடுவாள். சபையில் பாவாடையை அவிழ்த்து வைத்தவள் எடை காட்டுகிற ஒரு முள்ளுக்குப் பயப்படுகிறாளே என்று எனக்கு ஆத்திரம்.

அடுத்த விருந்து வந்தது. செல்வம், வயிற்றை இறுக்கிப் பிடிக்கிற உள்ளுடுப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். சொர்ணம் அதை விரித்துப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஊதிக் காட்ட மூணு துணி. இன்னைக்கு அமுக்கிக் காட்ட ஒண்ணு. நான் எப்பதாங்க நானா இருக்கது?"

"நாலு பேரு பாப்பாவல்லா..."

"பாக்கட்டும். அன்னைக்கு எதுக்குச் சிரிச்சிய? அதச் சொல்லுங்க."

செல்வம் தரையைப் பார்த்தார். "நீ பாவாடைய மடிச்சு வச்ச தைரியத்தப் பாத்து."

"அது எளைக்கல. அம்புட்டும் அப்படியே இருக்கு."

உள்ளுடுப்பை மடித்து அவர் மடியில் வைத்தாள். நேரே போய் எடைப்பெட்டியைத் தூக்கிவந்து அடுப்படியில் போட்டு, அதன்மேல் அரிசி மூட்டையை நிறுத்தினாள். "இனி அரிசி ஏறி நிக்கட்டும்." விருந்துக்கு அரக்குப் பட்டுக் கட்டி, இடுப்புச் சதை தெரியத்தான் போனாள். செல்வம் பின்னாலேயே அவளுடைய குளிர்கோட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

நேற்று மூட்டை காலியாகி, பெட்டி சும்மா கிடந்தது. நானும் ஏறிப் பார்த்தேன். முட்டிவலியில் ஒரு காலைத்தான் வைக்க முடிந்தது. மற்றது தரையிலேயே நின்றுவிட்டது. முள் பாதியில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏட்டி சொர்ணம், உங்கப்பன் இங்க பாதிதான் இருக்கேன் போலுக்கே."

"மிச்சம் வில்லிபுத்தூர்ல கெடக்கட்டும்ப்பா. இங்க இருக்க பாதிக்குக் களி கிண்டியிருக்கேன், ஆறுறதுக்குள்ள வாங்க."