தூக்குக் கேட்க மாட்டேன்

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே நடந்த ஆர்ப்பாட்டத்தில் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பிடுங்கிக்கொண்டார்கள்.

வீடியோவை நிறையப் பேர் பார்த்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. திட்டி வந்த மெசேஜ்களை இன்னும் படித்து முடிக்கவில்லை. ஆனால் வீடியோவில் இருப்பது பாதிதான். மீதியைச் சொல்கிறேன் – அப்புறம் தாராளமாகத் திட்டுங்கள்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கௌசல்யா என்ற பெண் கொல்லப்பட்டாள். டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. அதே தோட்டத்து ஆள் ஒருவன், தன்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி மாதக்கணக்கில் பின்னால் திரிந்தான். அவள் மாட்டேன் என்றாள். ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே லயத்து வீடுகளுக்குப் போகும் குறுக்குப் பாதையில் நடந்தவளைக் குத்திவிட்டான். விறகு சுமந்து வந்த இரண்டு பெண்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். அவனும் மறுக்கவில்லை.

ஆகவே, யார் செய்தது என்ற சந்தேகமே இந்தக் கதையில் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை சிவா வந்தான். ஓட்டோ ஓட்டுகிற பையன், நல்லவன். ஆர்ப்பாட்டத்தை ஏற்பாடு செய்தது அவனும் அவன் ஸ்டாண்டுக்காரர்களும்தான்.

"மிஸ், நீங்க எழுதுறத எல்லாரும் படிக்கிறாங்க. மைக்ல ரெண்டு வார்த்த பேசணும். அவன தூக்குல போடணும்னு சொல்லுங்க, அது போதும்."

"நியாயம் கேக்குறேன் தம்பி. தூக்குக் கேக்க மாட்டேன்."

அவன் முகம் மாறியது. "நாலு பேரத் தொங்கவிட்டாத்தான் மிஸ் அஞ்சாவது ஆளு பயப்படுவான்."

"ரெண்டு பேரு பாத்துக்கிட்டு நிக்கும்போதே குத்தினவன் அவன். அவனா கயித்த நெனச்சுப் பயந்திருப்பான்?"

"அப்ப அவனுக்கு ஜெயில்ல சோறு போட்டு வளக்கணுமா?"

"வெளிய விடவே வேணாம். சாகுற வரைக்கும் உள்ளேயே இருக்கட்டும். நான் கேக்க மாட்டேன்னு சொல்றது கயித்த மட்டுந்தான்."

சிவா போய்விட்டான். ஆனாலும் 'வராதீங்க' என்று சொல்லவில்லை. அது அவன் பெருந்தன்மை.

எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எழுத வருவதற்கு முன்னால் நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். நீதிபதி சிங்களத்தில் சொல்வதைக் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் சொல்வது என் வேலை. ஒரு நாள் ஒரு மரண தண்டனையையும் சொன்னேன்.

அருளப்பன் என்று ஒருவர். தோட்டத்துக் கடைக்காரர் கொலை வழக்கு. மரண தண்டனை வாசிக்கும்போது செய்கிற வழக்கப்படி அன்று விளக்குகளை அணைத்தார்கள். மின்விசிறி நின்றது. நீதிபதி வாசித்து முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால் யாருக்கு அந்தத் தீர்ப்போ, அவருக்கு மட்டும் அது இன்னும் விளங்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டும். 'உயிர் பிரியும் வரை...' என்று என் வாயால், என் அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்த மொழியில் சொன்னேன்.

அவர் என்னிடம்தான் கேட்டார். "நான் செய்யலன்னு அவருகிட்ட சொல்லுங்கம்மா." அதையும் சிங்களத்தில் சொன்னேன். நீதிபதி எழுந்து உள்ளே போய்விட்டார்.

நம் நாட்டு விஷயம் உங்களுக்குத் தெரியும். மரண தண்டனை சட்டத்தில் இருக்கிறது, நீதிமன்றங்கள் விதிக்கின்றன, ஆனால் பல தசாப்தங்களாக யாரையும் தூக்கில் போடவில்லை. அருளப்பனும் சிறையில் காத்துக் கிடந்தார். அவருடைய அக்கா அலைந்து திரிந்து ஒரு வக்கீலைப் பிடித்தார். மேன்முறையீட்டில் அந்த வக்கீல் கேட்டது ஒரே கேள்வி – விடியற்காலைப் பனிமூட்டத்தில், அவ்வளவு தூரத்தில் நின்ற சாட்சிக்கு முகம் எப்படித் தெரிந்தது? மலையில் பிறந்த யாரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பல வருடங்களுக்குப் பிறகு அவர் விடுதலையானார்.

போதாதா? இதைவிடப் பெரிய வாதம் வேண்டுமா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சனிக்கிழமை காலை பஸ் ஏறி அருளப்பனிடம் போனேன். இப்போது மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். லீக்ஸ் பாத்திக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கு என்கூட வந்து பேசுங்கண்ணே" என்றேன்.

மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"என்னைய ஒரு உதாரணமா நிறுத்தாதீங்க மிஸ். நான் செய்யல. அவன் செஞ்சிருக்கான். அவனுக்காக நான் போய் நின்னா, அந்தப் புள்ள வீட்டு ஆளுங்க எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான பாப்பாங்க? இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் ஊருல என்னைய மனுசனாப் பாக்குறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நேரம் பஸ்ஸில் வந்ததே, இவரை ஒரு பாயிண்டாக மைக்குக்கு முன்னால் வைக்கத்தானே?

"அப்ப அவன தூக்குல போடலாம்ங்கிறீங்களா அண்ணே?"

பாத்தி வரப்பில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பக்கத்து செல்லுல ஒருத்தன் இருந்தான். செஞ்சவன். அவனே சொல்லுவான். திரும்பத் தூக்கு வருதுன்னு பேப்பர்ல போட்டா, செய்யாத எனக்கும் செஞ்ச அவனுக்கும் ஒரே மாதிரித்தான் ராத்திரித் தூக்கம் போகும். அவன் நல்லவன்னு சொல்லல. ஆனா அவனக் கூட்டிக்கிட்டுப் போய்க் கதையை முடிச்சிட்டு வர்ற ஆளு இருக்காரே... அவருதான மறுநாளு எனக்குச் சோறு கொண்டாரணும். அந்தக் கையால நான் எப்படி மிஸ் வாங்கித் திங்கிறது?"

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். தண்டனை என்றதும் நாம் குற்றவாளியை மட்டும் பார்க்கிறோம். ஆனால் அதை ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும், ஒருவர் கதவைத் திறக்க வேண்டும், ஒருவர் விசையை இழுக்க வேண்டும். மொழிபெயர்த்ததற்கே எனக்குப் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை. இழுக்கிறவருக்கு? அவருக்குச் சம்பளம் கொடுத்து அனுப்புகிற நமக்கு?

தப்பாகத் தண்டித்துவிடுவோம் என்பதற்காக மட்டுமல்ல... சரியாகவே தண்டித்தாலும், கட்டிப்போட்ட ஒரு மனிதனைக் கொல்வதற்கு என் பெயரைத் தர மாட்டேன். அவ்வளவுதான். இதற்கு அருளப்பனின் சாட்சி எனக்குத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை. தூறல். குடையும் பதாகையுமாகக் கூட்டம். மேடையில் ஓர் அரசியல்வாதி ஐயாவும் உட்கார்ந்திருந்தார். "தூக்குத் தண்டனையை நடைமுறைப்படுத்த நானே குரல் கொடுப்பேன்" என்று முழங்கினார். கைதட்டல்.

அடுத்துப் பேச வேண்டியது நான். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். கௌசல்யாவின் அக்கா யோகேஸ்வரி. கொழுந்து பறிக்கிறவள். சிவா எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தான்.

"தூக்கு வேணாம்னு சொன்னீங்களாமே. அது ஒங்க தங்கச்சியா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"பேச மாட்டேன்மா. நானே அவன் கழுத்த நெரிக்கப் போயிருப்பேன். அதுனாலதான் அத முடிவு பண்ற எடத்துல என்னைய வைக்கக்கூடாதுங்கிறேன்."

"அவனுக்கு மூணு வேளையும் சோறு வருது. எங்கம்மா தொண்டையில தண்ணி கூட எறங்கல."

இதற்கு என்ன பதில் சொல்வது? சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றும் நினைக்கிறேன். எந்த வாதமும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும்.

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீடியோவில் நீங்கள் பார்த்தது இதுதான்: "கௌசல்யாவுக்கு நியாயம் வேண்டும். அவனை வெளியே விடக் கூடாது. ஆனால் அவனைக் கொல்லச் சொல்லி நான் கேட்க மாட்டேன். அந்தப் பெண் உயிரோடு இருக்கும்போது இரண்டு தடவை பொலிஸுக்குப் போனாள். அவளைத் திருப்பி அனுப்பியவர்களை யார் கேட்பது? அவனைத் தொங்கவிட்டதும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம். அவர்களுக்கும் அதுதான் வசதி..."

கூச்சல். 'எறங்கு' என்றார்கள். "நீ அவன் ஆளா?" என்று ஒருவர் கேட்டார். சிவா மைக்கைப் பிடுங்கினான். வீடியோ அங்கே முடிகிறது.

ஆனால் ஆர்ப்பாட்டம் அங்கே முடியவில்லை.

யோகேஸ்வரி மேடையில் ஏறினாள். "அதக் குடுங்க தம்பி" என்று சிவாவிடம் கை நீட்டினாள். கூட்டம் அடங்கியது.

"இந்த மிஸ் சொன்னதுல பாதிய நான் ஒத்துக்க மாட்டேன். அவன தூக்குலதான் போடணும். ஆனா என் தங்கச்சி ரெண்டு தடவையும் ஸ்டேஷனுக்குப் போனப்ப நானும் கூடப் போனேன். எங்களுக்கு சிங்களம் சரியா வராது. தமிழ் தெரிஞ்சவங்க இல்ல, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. எழுதக்கூட இல்ல."

பிறகு அந்த ஐயா பக்கம் திரும்பினாள்.

"ஐயா, கயிறு பொறகு பாத்துக்கலாம். அந்த ஸ்டேஷனுக்குத் தமிழ் தெரிஞ்ச ஒரு பொம்பள பொலிஸ் எப்ப வருவாங்க? அத இப்ப சொல்லிட்டுப் போங்க."

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் ஐயாவைப் பார்த்தார்கள். ஐயா தன் போனைப் பார்த்தார். "பரிசீலிப்போம்" என்றார். அவருக்கு வேறொரு கூட்டம் இருந்ததாம், கிளம்பிவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என்னைத் தேடி வந்தாள்.

"நான் இன்னமும் தூக்குதான் கேக்குறேன் மிஸ்."

"நான் இன்னமும் மாட்டேன்னுதான் சொல்றேன்."

"சரி. நாளைக்கு என்கூட பொலிஸுக்கு வர்றீங்களா? எங்கள ரெண்டு தடவ திருப்பி அனுப்பினத மொறப்பாடா எழுதிக்கச் சொல்லணும். நான் சொல்றதச் சிங்களத்துல மாத்திச் சொல்ல ஆளு வேணும்."

திங்கட்கிழமை போனோம். சிவாதான் ஓட்டோவில் கூட்டிப்போனான், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. எழுத மாட்டோம் என்றார்கள். நாங்கள் நகர மாட்டோம் என்றோம். கடைசியில் எழுதினார்கள். அவள் சொல்லச் சொல்ல, ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். அவனைத் தூக்கில் போட வேண்டும் என்று அவள் சொன்னதையும் சேர்த்துத்தான்.

நேற்று அந்த ஐயாவின் அலுவலகத்துக்குப் போன் செய்து, தமிழ் தெரிந்த பொலிஸ் விஷயம் என்னவாயிற்று என்று கேட்டேன். அதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம்.

தூக்கில் போட மட்டும் ஐயா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.